எச்சில் குழாயும் ஆறிய காப்பியும்

எச்சிலைத் தபாலில் அனுப்பும் மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ இல்லையோ, அவர் உங்களைப் பார்த்திருப்பார். பார்த்த மாத்திரத்தில் உங்கள் மூக்கின் நீளத்தை அளந்து, காது மடல் ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா என்று குறித்துக்கொண்டு, "உங்க ஆளுங்க வடக்கேயிருந்து இறங்கினவங்க, சரிதானே?" என்று கேட்டிருப்பார். நீங்கள் பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அவர் எட்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்திருப்பார்.

இந்த இனம் இப்போது எல்லாத் தேசத்திலும் இருக்கிறது. ஆனால் செழித்து வளர்வது எங்கள் ஜோர்டானில்தான், அதிலும் ஸல்த் நகரத்தில். இங்கே ஒருவனிடம் பெயரைக் கேட்டால் ஏழு தலைமுறைக்குச் சொல்வான். பாதியில் நிறுத்தச் சொன்னால் கோபித்துக்கொள்வான். அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் கண்ணாடிக் குழாயை அனுப்பி, 'இதில் கோடு வரைக்கும் துப்பி அனுப்பு, மரபணுவைப் பார்த்து முன்னூறு தலைமுறை சொல்கிறேன்' என்று எவனாவது சொன்னால் விடுவார்களா? வாய் உலர்கிற வரைக்கும் துப்பினார்கள்.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் குழாய் இருக்கும். "அறிவியல் பொய் சொல்லாது" என்பார், அதற்கடுத்த வாக்கியத்தில் அறிவியலுக்குத் தெரியாத நாலு விஷயத்தைச் சொல்வார். துக்க வீட்டுக்குப் போனால் இறந்தவருக்காக வருத்தப்படுவார், ஆனால் இன்னொரு விதமாக: "ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா துப்பச் சொல்லியிருக்கலாம்." எல்லாவற்றுக்கும் மேலாக, 'நாம' என்ற சொல்லை அவர் பயன்படுத்தும் விதம் ஒன்று இருக்கிறது. "ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தி ஏமன் நாட்டுல அணை உடைஞ்சப்போ நாம கிளம்பினோம். நாம இங்க வந்தப்போ இந்த மலையில ஒரு ஈ காக்கா இல்ல." நேற்றுத்தான் இறக்கி வைத்த மூட்டையைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும். காலையில் எரிவாயு உருளை வாங்கி வரச் சொன்னது மட்டும் மாலைக்குள் மறந்துவிடும்.

எங்கள் ஊரின் முதல்தரமான மாதிரி, நில அளவை அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற அபூ மிஷால். ஷுஹைலாத் குலம். அவருடைய விருந்தினர் கூடத்தின் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வம்ச மரம் தொங்குகிறது. வேர் ஏமனில், கிளை ஸல்த்தில், ஒவ்வொரு இலையிலும் ஒரு ஆண்பிள்ளையின் பெயர் பொன் மையில். பெண்களுக்கு அந்த மரத்தில் இலை கிடையாது.

"அம்மா வழியெல்லாம் பார்க்கமாட்டீங்களா?" என்று அவர் மனைவி உம் மிஷால் ஒருநாள் கேட்டாள்.

"அது வேற கணக்கு. குலம்னா அப்பா வழி."

"அப்போ நான் யாரு இந்த வீட்டுல, வழிப்போக்கியா?"

அபூ மிஷால் எழுந்து போய் மரத்தின் சட்டத்தில் தூசி தட்டினார். இலக்கியம், அரசியல், கத்தரிக்காய் எதைப் பற்றிக் கேட்டாலும் பதில் வைத்திருக்கும் மனிதர்.

இப்போது ஒரு ரகசியம் சொல்கிறேன். நீங்கள் ஸல்த்துக்கு வந்து போட்டுக் கொடுக்கப் போவதில்லை என்ற தைரியத்தில். இரண்டு வருஷத்துக்கு முன் தன் முதல் குழாயை அனுப்பிவிட்டு, முடிவு வருகிற அன்று தம்பிகளுக்கெல்லாம் கொடுக்க ஒரு தாம்பாளம் குனாஃபா இனிப்புக்குச் சொல்லிவைத்தார். முடிவு வந்தது. அவருடைய அப்பா வழி ஏமனிலிருந்து வரவில்லை. அணைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வடக்கே மலைகளிலிருந்து எட்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் விதை மூட்டையும் ஆட்டுக்குட்டியுமாக இறங்கி வந்த குடியானவர்களின் வழியாம். இரண்டாவது கம்பெனிக்கு வேறு பெயரில் அனுப்பினார். அதுவும் அதையே சொன்னது. மூன்றாவதுக்குப் பல் துலக்கிவிட்டுத் துப்பினார். பல் சுத்தமானதே தவிர குலம் மாறவில்லை. தம்பிகளிடம் "நான் சொன்னதேதான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் குனாஃபாவைப் பரிமாறினார். தன் பங்கை மட்டும் கடைசித் தம்பியின் தட்டில் வைத்துவிட்டார்.

அந்தக் கம்பெனிக்காரர்கள் 'உங்கள் அப்பா வழி உறவினர்கள்' என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். அவர் பட்டியலில் ஒரே ஒரு பெயர்: எஃபீசியோ, சர்தீனியத் தீவில் ஓய்வுபெற்ற தபால்காரர். நாலாயிரம் வருஷத்துக்கு முந்திய பங்காளி. அவர் தன் ஆடுகளின் படம் அனுப்புவார்; இவர் தன் ஒலிவ மரத்தின் படம் அனுப்புவார். சொந்தத் தம்பிக்குப் பெருநாள் வாழ்த்துச் சொல்ல மறக்கிறவர், இந்த ஆட்டுக்காரருக்கு ஒரு பண்டிகையும் தவறவிட்டதில்லை.

அப்படியானால் ஏன் ஊரெல்லாம் குழாயை நீட்டிக்கொண்டு அலைகிறார் என்று கேட்பீர்கள். இன்னும் ஒருத்தருக்காவது தன்னைப்போல இடறாதா என்ற நப்பாசைதான், வேறென்ன? இடறவில்லை. அவருக்கு முடி வெட்டுகிறவருக்கே அசல் ஏமன் வழி வந்தது. அன்றிலிருந்து வேறு கடையில் வெட்டிக்கொள்கிறார். இதில் இன்னொன்றும் கவனியுங்கள். சொந்தத் தம்பிகள் மூன்று பேர் எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலுமாக இருக்கிறார்கள்; அவர்களிடம் மட்டும் அவர் குழாயை நீட்டியதே இல்லை.

இது இப்படியே அவர் சட்டைப் பையோடு போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவருக்கு ஒரு மகள் இருந்தாள். லுஜைன், இருபத்தொன்பது வயது, மருந்துக்கடை வைத்திருக்கிறாள். முதலில் பெண் கேட்டு வந்தவர்களிடம் காப்பிக்கு முன்பே குழாயைக் காட்டினார். அவர்கள் செருப்பைத் தேடினார்கள். இரண்டாவது வந்தவர்களிடம் மாப்பிள்ளையின் பிடரியைத் தடவிப் பார்த்து, "இது கடலோர மண்டை" என்றார். மூன்றாவதாக வந்தவன் அய்ஹம் ஹஜ்ஜார், பல் வைத்தியன். தினமும் முப்பது பேரைத் 'துப்புங்க' என்று சொல்கிறவன். லுஜைனுக்கு அவனைப் பிடித்திருந்தது. அவள் அதைச் சொல்லியும் விட்டாள்.

"பாபா, இவரையும் துரத்தினீங்கன்னா நான் இனிமே யார் முன்னாடியும் வந்து உக்காரமாட்டேன். என்கிட்ட கேக்கவும் கூடாது."

அபூ மிஷாலுக்கு மகள்மேல் உயிர். ஆனால் ஹஜ்ஜார் என்றால் கல்லுடைப்பவர். பெயரிலேயே உளி இருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஸல்த்தின் மஞ்சள் கல் வீடுகளைக் கட்ட நாப்லஸ் நகரத்திலிருந்து வந்த கொத்தனார்களின் வம்சம். அணை உடைந்து வந்தவர் வீட்டுப் பெண், கல் உடைக்க வந்தவர் வீட்டுக்கா? மகளுக்காகச் சரி என்றார். எல்லாம் பெண்கள் மட்டத்தில் பேசி முடிந்தது. பாக்கி இருந்தது ஜாஹா ஒன்றுதான்: மாப்பிள்ளை சார்பில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் தலைமையில் நாற்பது ஆண்கள் வந்து பெண் கேட்பது. ஊருக்காகச் செய்கிற சடங்கு. தலைவர் முன்னால் ஒரு கோப்பைக் காப்பி வைப்பார்கள்; அவர் அதைத் தொடமாட்டார். பெண்ணின் அப்பா 'நீங்க கேட்டது கிடைச்சது, குடிங்க' என்றால்தான் குடிப்பார். அதற்குப் பிறகு எல்லோரும் குடிப்பார்கள், உள்ளே பெண்கள் குலவை இடுவார்கள், கதை முடிந்தது.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வந்தார்கள். தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி அபூ துர்கீ. பேசினார், இரண்டு குடும்பத்தையும் வாயாரப் புகழ்ந்தார், கோப்பையைத் தன் முன்னால் கீழே வைத்தார்.

"வந்த காரியம் கிடைச்சாத்தான் எடுப்பேன், அபூ மிஷால்."

அபூ மிஷாலுக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம் வாயில்தான் இருந்தது. ஆனால் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது.

"ஒரு சின்ன விஷயம். பையன் இதுல கோடு வரைக்கும் துப்பணும்."

நீதிபதி குழாயை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முப்பது வருஷமா ஜாஹாவுக்குப் போறேன். நகை கேட்டிருக்காங்க. வீடு கேட்டிருக்காங்க. ஒருத்தர் மாப்பிள்ளை மீசையை எடுக்கச் சொன்னாரு. எச்சில் கேட்ட முதல் ஆளு நீங்கதான்."

மாப்பிள்ளையின் பெரியப்பா, கல் குத்தகைக்காரர் அபூ கிஃபாஹ், சமாதானமாகச் சொன்னார்: "சரி, காப்பியைக் குடிச்சிட்டுத் துப்பட்டுமே. என்ன குறைஞ்சு போச்சு?"

"கூடவே கூடாது. துப்பறதுக்கு முன்னாடி அரைமணி நேரம் வாயில ஒண்ணும் படக்கூடாது. அதுக்குத்தான் இந்த நேரமாப் பார்த்துக் கேக்கறேன். ஜாஹாவுல யாரும் ஒரு சொட்டுக் குடிக்கமாட்டாங்கல்ல? நம்ம முன்னோருங்க சும்மாவா இந்த வழக்கத்தை வச்சாங்க. எல்லாம் யோசிச்சுத்தான் வச்சிருக்காங்க."

சத்தியமாக நம்பித்தான் சொன்னார்.

அய்ஹம் நல்ல பையன். எழுந்து குழாயை வாங்கிக்கொண்டான். ஆனால் நாற்பது ஆண்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த மனிதனுக்கு எச்சில் ஊறும்? துப்பினான், அடிப்பக்கம் நனைந்தது. மறுபடி துப்பினான், வெறும் நுரை.

"நுரை கணக்குல வராது," என்றார் அபூ மிஷால்.

"பச்சை வாதுமையை நினைச்சுக்கப்பா," என்று மூலையிலிருந்து ஒருவர் உதவிக்கு வந்தார். "உப்பைத் தொட்டுக் கடிக்கிற மாதிரி."

"வாதுமை எதுக்கு? எலுமிச்சையில ஊறின டர்னிப் ஊறுகாய். எங்க வீட்டுல போட்டது."

"அதெல்லாம் வேலைக்கு ஆகாது. புளிப்புப் பிளம், பிஞ்சு. மே மாசத்துது."

ஐந்து நிமிஷத்தில் கூடம் முழுக்க எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தது, நீதிபதி உட்பட. மாப்பிள்ளை ஒருவனுக்குத்தான் நாக்கு காய்ந்த அட்டைபோல இருந்தது. எப்படியோ கால் மணியில் கோட்டைத் தொட்டான். அபூ மிஷால் மூடியைத் திருகி, மார்போடு அணைத்துக்கொண்டார்.

"முடிவு எப்ப வரும்?" என்றார் நீதிபதி.

"ஆறு வாரம்."

நீதிபதி கோப்பையைப் பார்த்தார். ஆறிப்போய் அடியில் மண்டி படிந்திருந்தது.

"சரி. ஆறு வாரம் கழிச்சு வர்றோம். ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. அன்னிக்கும் இந்தக் காப்பி ஆறிச்சுன்னா, உங்க பொண்ணைக் கேட்டு இந்தப் படியேற ஒருத்தரையும் நான் விடமாட்டேன்."

நாற்பது பேரும் எழுந்து போனார்கள். குடிக்காத காப்பி ஒன்றை விட்டுவிட்டு ஜாஹா திரும்பிப் போவது எங்கள் ஊரில் கன்னத்தில் அறைந்ததற்குச் சமம். ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? அவர்கள் மாடிப்படி இறங்குவதற்குள் தெரிந்துவிட்டது.

அடுக்களையில் லுஜைன் அந்தக் கோப்பையைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். அபூ மிஷால் வாசலிலேயே நின்றார்.

"கண்ணு, ஆறு வாரம்தானே. குலம்னு ஒண்ணு இருக்கில்ல."

"பாபா, உங்களுக்கு அந்தக் கம்பெனியில பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தது யாரு?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்ப பார்த்தே?"

"உங்களுக்கு முன்னாடியே. குனாஃபா வாங்கப் போனீங்களே, அப்பவே."

"சொல்லிடுவியா?"

"சொல்லணும்னா ரெண்டு வருஷம் சும்மா இருந்திருப்பேனா?" கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். "எனக்கு நீங்க எங்கேயிருந்து வந்தா என்ன பாபா. சித்தப்பாங்க முன்னாடி உங்க தலை குனியக்கூடாதுன்னு நினைச்சேன். நீங்க இன்னிக்கு எனக்காக அந்த மாதிரி ஒரு நிமிஷம் நினைச்சீங்களா?"

அவர் நினைக்கவில்லை. அது அவருக்குத் தெரிந்தது. அவமானமாக இருந்தது, குழாயைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூட எழுந்தார். பிறகு, குழாயில் பாதுகாப்புத் திரவம் கலந்தாகிவிட்டதே, வீணாகிவிடுமே என்று தபால் நிலையத்துக்குப் போனார். சொன்னேனே, முதல்தரமான மாதிரி.

அந்த ஆறு வாரமும் வீட்டில் உம் மிஷால் அவருக்குச் சமைக்கவில்லை. "வழிப்போக்கி சமைக்கமாட்டா," என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். கடையில் ஃபலாஃபல் வடையைத் தின்று வயிறு கெட்டது. அதற்கு மருந்து வாங்க ஊரின் மறுகோடிக்குப் போனார், ஏனென்றால் பக்கத்துக் கடை மகளுடையது.

முடிவு ஒரு வியாழக்கிழமை காலை வந்தது. மாப்பிள்ளையின் வழி ஏமன் இல்லை என்பதைப் பார்த்ததும் 'நினைச்சேன்' என்று உதட்டைப் பிதுக்கினார். வடக்கு மலை, விதை மூட்டை, ஆட்டுக்குட்டி. உதடு அப்படியே நின்றுவிட்டது. தன் பட்டியலைத் திறந்தார். தபால்காரர் எஃபீசியோவுக்கு மேலே புதிதாக ஒரு பெயர் ஏறியிருந்தது: அய்ஹம் ஹஜ்ஜார். மிக நெருங்கிய உறவு. இருவருக்கும் பொதுவான தாத்தா, ஏறக்குறைய ஐந்து தலைமுறைக்கு முன்.

முதலில் வந்தது, சிரிக்காதீர்கள், சந்தோஷம். இரண்டு வருஷமாக இந்த உலகத்தில் ஒரு ஆட்டுக்காரரைத் தவிர நாதியில்லாமல் இருந்தவருக்கு, நாலு தெரு தள்ளி ஒரு பங்காளி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் கணக்குப் போட்டார். ஐந்து தலைமுறை என்றால் நூற்றைம்பது வருஷம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஸல்த்தில் என்ன நடந்தது? எந்த வீட்டை யார் எந்த வருஷம் கட்டினார்கள் என்று முப்பது வருஷம் பதிவேட்டில் பார்த்தவர் அவர். தலையைத் தூக்கித் தன் வீட்டு மஞ்சள் கல் சுவரைப் பார்த்தார். அதைக் கட்ட ஆட்கள் வந்ததும் அதே வருஷங்களில்தான்.

ஜாஹா மறுபடி வந்தது. இந்தத் தடவை நாற்பதல்ல, அறுபது பேர். வேடிக்கை பார்க்க ஆளில்லாத ஊரா இது? சூடான கோப்பை வந்தது. நீதிபதி கீழே வைத்தார்.

"என்ன சொல்லுது எச்சில்?"

மூன்று தம்பிகளும் வம்ச மரத்துக்கு அடியில் உட்கார்ந்து அண்ணனையே பார்த்தார்கள். உள்கதவின் திரைக்கு அப்பால் ஒரு நிழல் அசையாமல் நின்றது. பொய் சொல்லலாம் என்றால் பையன் தன் முடிவைத் தன் போனிலேயே பார்த்துக்கொள்ள முடியும்.

"பையன் நம்ம ரத்தம்தான்," என்றார் அபூ மிஷால். "அஞ்சு தலைமுறைக்கு முன்னாடி ஒரே தாத்தா."

உங்கள் ஊரில் என்றால் பங்காளி முறையாகிறது என்று கல்யாணத்தையே நிறுத்தியிருப்பீர்கள். எங்கள் பக்கம் சித்தப்பா மகனுக்குத்தான் முதல் உரிமை. தம்பிகள் முகம் மலர்ந்துவிட்டது. நடுத் தம்பி தொடையைத் தட்டினார்.

"பார்த்தியா, ஹஜ்ஜாருங்களும் நம்ம ஆளுங்கதான். அணை உடைஞ்சப்போ கூடவே வந்தவங்க. எனக்கு அப்பவே பையன் நெத்தியைப் பார்த்துத் தோணுச்சு."

அபூ மிஷாலுக்கு உயிர் வந்தது. அடடா, ஒன்றாக இருக்கிறது என்றுதானே எச்சில் சொல்கிறது. யார் யாரோடு ஒன்று என்பதைக் கேட்கிறவர்கள் தங்களுக்கு வசதியாக எடுத்துக்கொள்ளலாமே.

"மன்னிக்கணும்," என்றார் கல் குத்தகைக்காரர் அபூ கிஃபாஹ். உள்ளதைச் சொல்லிப் பழகிய மனிதர். "ஏமனெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க. நாங்க நாப்லஸ். எங்க கொள்ளுத் தாத்தாவோட அப்பா இந்தத் தெருவைக் கட்டத்தான் வந்தாரு. கூட அவரு தம்பியும் வந்தாரு. அந்தத் தம்பிக்காரரு திரும்பிப் போகல. இங்கயே ஒரு பெரிய குலத்துல அடைக்கலமாச் சேர்ந்து, அவங்க பொண்ணையே கட்டி, அந்தக் குலப் பேரையே வச்சுக்கிட்டாருன்னு எங்க வீட்டுல சொல்வாங்க. ரொம்பத் தங்கமான மனுஷனாம். அவரு பேரு வந்து..."

அபூ மிஷாலின் தலைக்கு நேர் மேலே, வம்ச மரத்தில், மேலிருந்து ஐந்தாவது கிளையில், பொன் மையில் ஒரு பெயர் பளபளத்துக்கொண்டிருந்தது.

"நீங்க கேட்டது கிடைச்சது, குடிங்க," என்றார் அபூ மிஷால்.

"இல்ல, அந்தப் பேரு..."

"குடிங்க அபூ துர்கீ, ஆறிடப் போகுது. பொண்ணு உங்க பொண்ணு. எல்லாரும் குடிங்க. அபூ கிஃபாஹுக்கு முதல்ல ஊத்துங்கப்பா, வாய் நிறைய ஊத்துங்க."

ஆறு வாரம் இழுத்தவர் ஆறு நொடியில் பெண்ணைக் கொடுத்தார். ஸல்த் சரித்திரத்தில் அவ்வளவு வேகமாக யாரும் சம்மதித்ததில்லை. நீதிபதி மரத்தைப் பார்த்தார், அபூ மிஷாலைப் பார்த்தார், முப்பது வருஷம் தீர்ப்புச் சொன்ன வாயில் கோப்பையை வைத்துக்கொண்டார். உள்ளே குலவைச் சத்தம் எழுந்தது.

எல்லோரும் போனபின் லுஜைன் கோப்பைகளைச் சேகரிக்க வந்தாள். எல்லாம் காலி.

"பாபா, அந்தத் தம்பிக்காரர் பேரு என்னவாம்?"

"எந்தத் தம்பிக்காரர்?" என்றார் அபூ மிஷால். அவள் சிரித்துக்கொண்டே வந்து அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? இந்த இனம் திருந்துவதில்லை, இடம் மாறும். இப்போதெல்லாம் அணையைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. "கோதுமையை முதல்ல விதைச்சதே நாமதான். நாம இல்லேன்னா உலகத்துக்கு ரொட்டி ஏது?" என்கிறார். கல் வேலையின் மேன்மை பற்றி ஒரு சிறு பிரசுரம் எழுதிக்கொண்டிருக்கிறார். கல்யாணத்துக்கு எஃபீசியோ ஒரு முழு ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி அனுப்பினார். யார் அனுப்பியது என்று தம்பிகள் கேட்டதற்கு, "ஒரு நண்பர், தபால் துறை" என்றார்.

சிரித்துவிட்டீர்கள். நல்லது. போன வாரம் உங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒருவர் குடிவந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? பெயரைக் கேட்டீர்கள், சொன்னார். அது போதவில்லை. அப்பா பெயரைக் கேட்டீர்கள். அதுவும் போதவில்லை. சும்மா பேச்சுவாக்கில் கேட்பதுபோல, "சொந்த ஊரு எதுங்க?" என்றீர்கள். அப்புறம், "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" என்றீர்கள். அப்புறம் ஒரு சின்ன "ஓ" போட்டீர்கள். பாவம் அபூ மிஷாலுக்கு ஒரு குழாயும் ஆறு வாரமும் தேவைப்பட்டன. உங்களுக்கோ, கையிலிருந்த காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.